யூதரின் வீதி விழாவும் எங்கள் ஆட்களின் சிரிப்பும்



கொஞ்சம் நீளமான பதிவு. பாதி வாசித்துவிட்டுச் சண்டைக்கு வருகிறவர்கள் மிச்சப் பாதியையும் வாசித்துவிட்டு வாருங்கள்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போல்டர் என்றொரு நகரம் இருக்கிறது. அங்கே வாகனம் ஓடாத பேர்ல் வீதியில் வருடத்தில் ஒரு நாள் யூதர்கள் விழா எடுக்கிறார்கள். திறந்த வெளி, டிக்கட் கிடையாது, வழியில் போகிற யாரும் நின்று பார்க்கலாம். பாட்டு, சாப்பாடு, கைவினைப் பொருள் என்று வழமையான விழாதான். 2025 ஜூன் 8 நடந்தது 30ஆவது விழா. அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, ஜூன் 1 அன்று, அதே வீதியில் ஒரு சிறு கூட்டத்தின் மேல் ஒருவன் பெற்றோல் குண்டுகளை எறிந்தான். காஸாவில் இருந்த இஸ்ரேலியப் பணயக்கைதிகளை விடுவிக்கச் சொல்லி வாராவாரம் நடைபோன கூட்டம் அது. எறிந்தவன் கத்தியது பலஸ்தீனுக்கு விடுதலை வேண்டும் என்று. காயப்பட்டவர்களில் ஹிட்லர் காலத்துப் படுகொலையிலிருந்து தப்பிப் பிழைத்த 88 வயதுப் பெண்ணும் ஒருவர். ஜூன் 25 அன்று 82 வயது மூதாட்டி ஒருவர் அந்தக் காயத்தினால் இறந்து போனார்.

அந்த மரணச் செய்தியின் கீழே எங்கள் ஆட்களின் கணக்குகளிலிருந்து விழுந்திருக்கும் சிரிப்பு முகங்களைப் பார்த்தோம். 'விழா களைகட்டியிருக்குமே' என்று ஒருவர். இன்னொருவர் எழுதியதை இங்கே திருப்பி எழுத மனம் வரவில்லை. இவர்கள் எல்லோரும் ஐந்து நேரம் தொழுகிறவர்கள், காஸாவுக்காகக் கண்ணீர் விட்டு துஆ கேட்கிறவர்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

எங்களிடம் படித்த ஒருவர், நல்ல பிள்ளை, உள்பெட்டியில் வந்து கேட்டார்: "சேர், அது இஸ்ரேலைக் கொண்டாடுகிற விழாதானே? காஸாவில் பிள்ளைகள் பசியில் சாகும்போது இவர்கள் ஆடிப் பாடுவது மட்டும் சரியா?" இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒட்டியதை முதலில் பிரித்தெடுக்க வேண்டும். ஏனென்றால் இந்த ஒட்டு வேலையைச் செய்தது எங்கள் மாணவர் அல்ல. அதைச் செய்தவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் பல நகரங்களில் இப்படி விழாக்கள் நடக்கின்றன. சில முழுக்க யூதப் பண்பாட்டு விழாக்கள். சில வெளிப்படையாகவே இஸ்ரேலைக் கொண்டாடுகிறவை. நியூயோர்க்கின் ஐந்தாம் அவென்யூவில் 1960களிலிருந்து நடக்கும் ஊர்வலம் அந்த வகை. பல விழாக்களில் இரண்டும் கலந்திருக்கும். 'இஸ்ரேலியப் பாரம்பரியம்' என்று பெயர்ப்பலகை போட்ட கடைகளில் என்ன இருக்கும் என்று பாருங்கள். ஃபலாஃபல் இருக்கும். ஹம்முஸ் இருக்கும். ஷக்ஷூகா இருக்கும். வட்டமாகக் கைகோத்து ஆடும் ஹோரா இருக்கும், காலைத் தரையில் அடித்து ஆடும் தப்கா இருக்கும்.

இஸ்ரேல் என்ற அரசு அறிவிக்கப்பட்டது 1948 மே 14. எங்கள் பெரியவர்கள் பலரின் வயதுதான் அதற்கு. இந்தப் பட்டியலில் அந்த அரசு பெற்றெடுத்தது எது? ஹம்முஸ் என்ற சொல்லே அரபியில் கடலை. ஃபலாஃபல் எகிப்திலும் ஷாமிலும் தெருவோரம் பொரித்து விற்கப்பட்டது. ஷக்ஷூகா தூனிஸ், லிபியா பக்கத்துச் சமையலறைகளிலிருந்து யூதப் பெண்கள் எடுத்து வந்தது. ஹோரா ருமேனியாவின் ஆட்டம். தப்கா பலஸ்தீனக் கிராமத்துக் கல்யாண வீட்டு ஆட்டம். அந்தக் கிராமங்களில் எத்தனை 1948இல் தரைமட்டமாக்கப்பட்டன என்று பெயர்ப்பலகையில் எழுத மாட்டார்கள். 7 இலட்சத்துக்கும் அதிகமான பலஸ்தீனர் அந்த வருடத்தில் வீடிழந்தார்கள். ஒருவனின் வீட்டை எடுத்து, பிறகு அவன் வீட்டுக் கல்யாண ஆட்டத்தையும் எடுத்து, அதற்குத் தன் பெயரையும் வைப்பது சாப்பாட்டுச் சண்டையோடு முடிகிற சின்ன விடயமல்ல.

ஆனால் இந்த இடத்தில் எங்கள் ஆட்கள் வழக்கமாகச் சறுக்குகிறார்கள். 'எல்லாம் அரபியரிடமிருந்து திருடியது, யூதருக்கென்று ஒன்றும் கிடையாது' என்று எழுதுகிறார்கள். இது பொய். ஷக்ஷூகா கொண்டு வந்த தூனிஸ் யூதப் பெண் யாரிடமும் திருடவில்லை. அவளுடைய உம்மாவும் உம்மம்மாவும் சமைத்ததைச் சமைத்தாள். அவர்கள் அரபுலகத்தின் யூதர்கள். நூற்றாண்டுகளாக அரபி பேசி, அரபியில் எழுதி, அரபியில் அழுதவர்கள். குர்துபாவில் பிறந்து, கெய்ரோவில் ஸலாஹுத்தீன் ஐயூபியின் அரசவையில் வைத்தியம் பார்த்த மூஸா இப்னு மைமூன் யூத மார்க்கத்தின் மிகப் பெரிய அறிஞர்களில் ஒருவர். தன் பெரிய தத்துவ நூலை அவர் எழுதியது அரபி மொழியில், ஹீப்ரு எழுத்தில்.

பக்தாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் உலக யுத்த காலத்தில் அந்த நகரத்தில் மூன்றில் ஒருவர் அளவுக்கு யூதர். 1932இல் கெய்ரோவில் அரபு இசை மாநாடு கூடியபோது ஈராக்கிலிருந்து போன குழுவில் பாடகர் முஸ்லிம், வாத்தியக்காரர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் யூதர்கள். அரபு இசையை உலகத்துக்கு எடுத்துக்காட்ட ஒரு முஸ்லிம் நாடு யூதர்களை அனுப்பியது. அன்று அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

ஸாலிஹ், தாவூத் என்று இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள். அல்குவைத்தி சகோதரர்கள் என்றால் பழைய அரபு இசை கேட்கிறவர்களுக்குத் தெரியும். குவைத்தில் பிறந்த யூதர்கள், பக்தாத்தில் புகழடைந்தார்கள். 1936இல் ஈராக் வானொலியின் வாத்தியக் குழுவை அமைத்தவர்கள் அவர்கள். ஸாலிஹ் மெட்டமைத்த பாட்டை உம்மு குல்தூம் பாடியிருக்கிறார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் இருவரும் இஸ்ரேலுக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது டெல் அவிவின் ஏழைகள் வாழும் பகுதிச் சந்தையில் வீட்டுச் சாமான் விற்கும் கடை. அவர்களுடைய இசையை அந்த நாடு எதிரியின் இசையாகப் பார்த்தது. ஈராக்கிலோ பாட்டுகள் வானொலியில் ஓடிக்கொண்டே இருந்தன, பாட்டமைத்தவர்களின் பெயர்கள் மட்டும் காணாமற்போயின. யூதர் என்பதால் இங்கே பெயர் போயிற்று, அரபு இசை என்பதால் அங்கே மதிப்புப் போயிற்று. இன்று ஸாலிஹ், தாவூதின் பாட்டை எந்தப் பெயர்ப்பலகையின் கீழ் வைப்பது?

எங்கள் பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர்கள் அத்தனை பேரும் பக்தாத்தை விட்டு ஆசையோடு போகவில்லை. 1941 ஜூனில் பக்தாத்தில் யூதர்களின் வீடுகளுக்குள் புகுந்து கொன்றார்கள், கொள்ளையடித்தார்கள். 150க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1948க்குப் பிறகு கைது, வேலை நீக்கம், குடியுரிமைப் பறிப்பு, சொத்து முடக்கம். 1950, 51இல் ஏறக்குறைய 1 இலட்சத்து 20 ஆயிரம் பேர் ஈராக்கை விட்டுப் போனார்கள். யெமனிலிருந்து கிட்டத்தட்ட 49 ஆயிரம் பேர். பலஸ்தீனில் நடந்ததற்குப் பதிலாக, பலஸ்தீனைக் கண்ணால்கூடப் பார்த்திராத பக்தாத் தையற்காரனைத் தண்டித்தார்கள். அதனால் பலஸ்தீனருக்கு ஒரு பேர்ச்சமரம் கூடத் திரும்பக் கிடைக்கவில்லை. ஸியோனிசத்துக்கு ஆள் பலம் கிடைத்தது.

போன இடத்தில் அவர்களுக்கு என்ன வரவேற்பு? கூடாரமும் தகரக் கொட்டிலும். வந்திறங்கியவர்கள் மேல் டி.டி.டி. பூச்சிமருந்து அடித்தார்கள். யெமன் யூதரின் கைக்குழந்தைகள் வைத்தியசாலைகளிலிருந்து காணாமற்போன விவகாரம் எழுபது வருடம் கழித்து, 2021இல், அந்த அரசே வருத்தம் தெரிவித்து நட்டஈடு ஒதுக்கும் நிலைக்கு வந்தது. ஐரோப்பிய யூதரின் இத்திஷ் மொழியையும் ஆரம்ப காலத்தில் அந்த நாடு ஓரங்கட்டியது. 2018இல் நிறைவேற்றிய தேசச் சட்டத்தில் அரபி மொழி உத்தியோக மொழி என்ற இடத்திலிருந்து இறக்கப்பட்டது. அந்த நாட்டு யூதர்களில் பெரும் பகுதியினரின் பாட்டன் பாட்டி பேசிய மொழி அது. பாட்டனின் மொழியைப் படியிறக்கிவிட்டு, பாட்டியின் சாப்பாட்டை விழாவில் வைத்து 'எங்கள் பாரம்பரியம்' என்கிற அரசைப் பற்றித்தான் நாங்கள் பேசுகிறோம்.

ஆகவே மாணவருக்குச் சொன்ன பதில் இதுதான். யூதப் பண்பாடு இஸ்ரேல் அரசைவிட ஆயிரக்கணக்கான வருடங்கள் மூத்தது, அதைவிட மிகவும் அகலமானது. அதைத் தன் கொடிக்குள் சுருட்டி வைத்துக்கொள்ள அந்த அரசு விரும்புகிறது. 2015 ஜனவரியில் பாரிஸுக்குப் போய் வந்த நெதன்யாஹு, தான் இஸ்ரேலின் பிரதமராக மட்டுமன்றி முழு யூத மக்களின் பிரதிநிதியாகவும் போனதாகச் சொன்னார். யாரிடம் கேட்டுச் சொன்னார்? 2023 ஒக்டோபர் 27 அன்று நியூயோர்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தை நிரப்பி உட்கார்ந்து, எங்கள் பெயரால் கொல்லாதே என்று சொல்லி நூற்றுக்கணக்கில் கைதானவர்கள் யூதர்கள். அவர்களிடம் கேட்டாரா?

விழா எடுக்கிறவர்களோடும் எங்களுக்குக் கணக்கு இருக்கிறது. போல்டரில் 2025இல் பணயக்கைதிகளின் விடுதலையை விழாவின் நடுவில் வைத்தார்கள். வைக்கட்டும். 2023 ஒக்டோபர் 7 அன்று பிடித்துச் செல்லப்பட்ட 251 பேருக்கும் வீடு இருக்கிறது, உம்மா இருக்கிறாள். வயோதிபரையும் குழந்தைகளையும் பிடித்துக்கொண்டு போவதை எங்கள் மார்க்கம் அனுமதிக்கிறது என்று எந்த மௌலவி சொன்னாலும் அவர் பின்னால் நின்று நாங்கள் தொழப்போவதில்லை. ஆனால் 2025 மார்ச் 2இலிருந்து மே 19 வரை, பதினொரு கிழமை, காஸாவுக்குள் ஒரு மூட்டை மா போக விடவில்லை. சுகாதார அமைச்சின் கணக்குப்படி 2025 ஜூன் இறுதிக்குள் 56 ஆயிரத்துக்கும் மேல் இறந்திருந்தார்கள். மா வாங்க வரிசையில் நின்ற நூற்றுக்கணக்கானோரைச் சுட்டிருக்கிறார்கள். அப்படியிருக்க எந்த நகரத்திலானாலும் அந்த அரசின் கொடியை மேடையில் கட்டி, அதன் கீழே ஹம்முஸ் பரிமாறி, 'இது அரசியல் அல்ல, பண்பாடு' என்று சொல்கிறவர்களைப் பார்த்து நாங்கள் கேட்போம். அரசியல் இல்லையென்றால் கொடி எதற்கு? பண்பாடுதான் என்றால், அந்தக் கொடியின் பெயரால் பட்டினி போடப்பட்ட பிள்ளையைப் பற்றி ஒரு வசனம் சொல்ல ஏன் நாக்கு எழவில்லை? உங்கள் மார்க்கத்தில் பசித்தவனுக்கு உணவு கொடுப்பது சின்னக் கடமையா?

இப்படிக் கேட்பது எங்கள் உரிமை. உரக்கக் கேட்போம், எழுதிக் கேட்போம், அந்த விழாவுக்கு வெளியே பதாகை பிடித்து நின்று கேட்கிறவர்களை ஆதரிப்போம்.

பெற்றோல் குண்டு இந்தக் கேள்வியின் தொடர்ச்சி என்று மட்டும் எங்களிடம் சொல்ல வேண்டாம். அது கேள்வியைக் கொன்ற குண்டு. ஜூன் 1 காலையில் காஸாவின் மா மூட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த உலகம், அன்று பின்னேரம் போல்டரின் தீக்காயங்களைப் பற்றிப் பேசியது. மூன்று நாள் கழித்து, ஜூன் 4 அன்று, டிரம்ப் 12 நாட்டவர் அமெரிக்காவுக்குள் வரத் தடை போட்டார். போல்டரைக் காரணம் காட்டியே பேசினார். பட்டியலில் யெமன் இருந்தது, லிபியா இருந்தது, ஸூடான், ஸோமாலியா, ஈரான், ஆப்கானிஸ்தான் இருந்தன. எறிந்தவனின் நாடு எகிப்து. எகிப்து பட்டியலில் இல்லை! அவனுடைய மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் பிடித்துத் தடுப்பு நிலையத்தில் போட்டார்கள். விடுதலை கேட்டு எறிந்தவனால் பலஸ்தீனில் ஒரு பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணீர் போனதா? சிரித்தவர்கள் பதில் சொல்லட்டும்.

அதைவிட முக்கியமான விடயம் ஒன்று. யூதர் என்றால் இஸ்ரேல், இஸ்ரேல் என்றால் யூதர் என்று நெதன்யாஹு சொல்கிறார். நீங்களும் அதையே நம்பித்தான் 82 வயதுக் கிழவியின் மரணத்துக்குச் சிரித்தீர்கள். கிராண்ட் சென்ட்ரலில் உட்கார்ந்த யூதர்கள் உயிரைக் கொடுத்து உடைக்கப் பார்க்கிற பொய்யை, பொத்துவிலிலும் புத்தளத்திலும் உட்கார்ந்துகொண்டு நீங்கள் ஒட்டிக் கொடுக்கிறீர்கள்.

யூதரின் ஜனாஸா ஒன்று கடந்து போனபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றதை புகாரியில் நாங்கள் படிப்பிக்கிறோம். அது யூதருடையது என்று சொல்லப்பட்ட பிறகும், அதுவும் ஓர் ஆன்மாதானே என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். வேதக்காரரின் உணவு எங்களுக்கு ஆகுமானது என்பதை சூரா மாயிதாவில் ஓதுகிறோம். அவர்களோடு ஒரே தட்டில் உட்கார வழி விட்ட மார்க்கத்தைப் பின்பற்றுகிறவர்கள், அவர்களுடைய கிழவி எரிந்ததற்கு எந்த ஹதீஸை ஆதாரமாக வைத்துச் சிரித்தார்கள்? நாங்கள் தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை.

மார்க்க ஆதாரம் வேண்டாம், அனுபவ ஆதாரம் போதும் என்றால் 2019ஐ நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 21 அன்று எங்கள் பெயர் வைத்துக்கொண்டு சிலர் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். மூன்று கிழமையில், மே மாதம், குருநாகல், கம்பஹா, புத்தளம் மாவட்டங்களில் எங்கள் பள்ளிகளும் கடைகளும் எரிந்தன, தச்சுத் தொழிலாளி ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அபாயா அணிந்த ஆசிரியைகள் பாடசாலை வாசலில் மறிக்கப்பட்டார்கள். பஸ்ஸில் பக்கத்து ஆசனத்தில் இருந்தவர் எழுந்து போய் நின்றுகொண்டார். 'உங்கள் ஆட்கள்தானே செய்தார்கள்' என்று கேட்டவர்களுக்கு அன்று நாங்கள் தொண்டை வரளப் பதில் சொன்னோம்: செய்தவன் வேறு, நாங்கள் வேறு. அன்று எங்களுக்குத் தேவைப்பட்ட அதே வசனம் இன்று யூதருக்குப் பொருந்தாது என்று சொல்கிறவர், அன்று எங்கள் கடையை எரித்தவனிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரட்டும். அவன் செய்ததும் இதே கணக்குத்தான்.

இது தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 2024 ஒக்டோபர் 23 அன்று அறுகம்பே பற்றி அமெரிக்கத் தூதரகம் எச்சரிக்கை விட்டது. ஒரே நாளில் கடற்கரை முழுக்கப் பொலிஸ். அறை வாடகைக்கு விடுகிறவர், முச்சக்கரவண்டி ஓட்டுகிறவர், அலைச்சறுக்குப் படிப்பிக்கிறவர் என்று பெரும்பாலும் எங்கள் பிள்ளைகளின் வயிற்றில் அடி விழுந்தது. ஒரு முட்டாள் ஒரு குப்பியோடு அந்தக் கடற்கரைக்குப் போனால் என்ன நடக்கும் என்று சிரிப்பு முகம் போடுகிறவர்கள் யோசித்திருக்கிறார்களா? எங்கள் நாட்டில் பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 2025 மார்ச் மாதம் கொழும்பில் இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒட்டிய 22 வயது இளைஞன் அந்தச் சட்டத்தின் கீழ்தான் அடைக்கப்பட்டான். ஸ்டிக்கருக்கே அவ்வளவு.

அறுகம்பேக்கு வருகிற இஸ்ரேலியர்களில் காஸாவில் துப்பாக்கி பிடித்தவர்களும் இருக்கலாம். அதற்கும் வழி இருக்கிறது. 2024 டிசம்பரில் ஹிந்த் ரஜப் மன்றம் இலங்கையில் இருந்த இஸ்ரேலியச் சிப்பாய் ஒருவருக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி கோரியது. காஸாவில் காருக்குள் உறவினர்களின் மையத்துகளோடு கிடந்து, தொலைபேசியில் உதவி கேட்டு, கடைசியில் தானும் கொல்லப்பட்ட பிள்ளையின் பெயரால் நடக்கும் மன்றம் அது. அவர்கள் செய்வது என்ன? பெயரைத் தேடுகிறார்கள், படத்தைச் சேகரிக்கிறார்கள், ஆதாரத்தைச் சட்டத்தின் முன் வைக்கிறார்கள். எந்தச் சிப்பாய், எந்த இடம், எந்த நாள் என்று கேட்கிறார்கள். யூதன் யார் என்று கேட்பதில்லை. அனுமதி இல்லாமல் மத நிலையம் நடக்கிறது என்றால் அதையும் பிரதேச சபைக்கும் பாராளுமன்றத்துக்கும் எழுத்தில் கொண்டு போகலாம். சட்டத்தரணிகள் எங்களிடம் இருக்கிறார்கள், இங்கிலீஷ் எழுதத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், வாக்குக் கேட்டு வருகிற எம்பிமார் இருக்கிறார்கள். சிரிப்பு முகம் போட எடுக்கிற நேரத்தில் ஒரு பந்தி எழுதலாம்.

மாணவருக்கு இன்னொன்றும் அனுப்பி வைத்தோம்: அல்குவைத்தி சகோதரர்களின் பழைய ஒலிப்பதிவு ஒன்றின் இணைப்பு. ஸாலிஹின் வயலினும் தாவூதின் ஊதும். கேட்டுவிட்டு, "சேர், இது அரபா, யூதமா?" என்று கேட்டிருக்கிறார். இன்னும் பதில் அனுப்பவில்லை, அவரே கொஞ்சம் யோசிக்கட்டும்.

கொமென்ட் பகுதி திறந்திருக்கிறது. இஸ்ரேலைப் பற்றி எங்களைவிடக் கடுமையாக எழுதுங்கள், விழாக்காரர்களிடம் நாங்கள் கேட்கத் தவறியதையும் கேளுங்கள், எங்கள் தரவில் பிழை கண்டால் ஆதாரத்தோடு சொல்லுங்கள். இறந்த மூதாட்டியைக் கேலி செய்கிற எதையும் அழிப்போம், எழுதியவர் எங்களிடம் படித்தவராக இருந்தால் வீட்டுக்கும் வருவோம்.